பீரோவில் கல்யாண டிவிடி வைத்திருக்கும் கொருக்குப்பேட்டை வீடுகளுக்கு



டிவிக்குக் கீழே தூசி படிந்து கிடக்கும் டிவிடி பிளேயரைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது காயலான் கடைக்குப் போகிற சாமான்களில் இப்போது அதுவும் சேர்ந்துவிட்டது. போடலாமா, ரிப்பேர் பார்க்கலாமா, புதிதாக ஒன்று வாங்கலாமா என்று என் கடைக்கு வந்து கேட்கிறவர்கள் உண்டு. கேட்காமலே எடைக்குப் போடுகிறவர்கள் அவர்களைவிட அதிகம். அதனால்தான் எல்லோருக்கும் பொதுவாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டு டிஸ்க்குகளில் இருக்கும் விசேஷங்களை வேறு இடத்தில் பதிந்து வைக்கும்வரை அந்தப் பெட்டியைப் போடாதீர்கள். பதிந்து முடித்தபிறகு நீங்கள் என்ன செய்தாலும் எனக்குச் சம்மதம்.

இந்த மலிவு பிளேயர் நம் பேட்டைக்குள் எப்படி வந்தது என்பது பலருக்கும் நினைவிருக்கும். 2006 செப்டம்பரில் அரசு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சியை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. டிவி வந்த வீட்டுக்கு அடுத்து வந்தது டிவிடி பிளேயர். பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் விதவிதமான பெயர்களில் அடுக்கி வைத்திருப்பார்கள். மேலே பெயர் எதுவாக இருந்தாலும் திறந்து பார்த்தால் பெரும்பாலானவற்றுக்குள் ஒரே குடும்பத்துச் சிப்தான் இருக்கும்: மீடியாடெக் நிறுவனத்தின் 1389. மறுவருஷம், 2007இல், மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்க ஆரம்பித்தது. கொத்து வேலைக்கும் லாரி ஷெட்டுக்கும் போய்வருகிற வீட்டில், தண்டையார்ப்பேட்டை அகஸ்தியா தியேட்டருக்குக் குடும்பத்தோடு ஒருமுறை போய்வரும் செலவில் இரண்டு மூன்று ஒரிஜினல் படம் சொந்தமாக இருந்தது. அந்த அகஸ்தியாவையே 2020இல் மூடிவிட்டார்கள். அதற்கு முன் 2015இல் இயக்குநர் சேரன், புதுப்படத்தை 50 ரூபாய் டிவிடியாக நேராக வீட்டுக்கே கொண்டுவரும் ‘சினிமா டூ ஹோம்’ திட்டத்தைத் தொடங்கினார். அப்போதும் அவர் நம்பியது நம் வீடுகளில் இருந்த இதே பெட்டியைத்தான்.

மலிவு என்பதால் இதை மட்டமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. இதில் மெய்யாகவே நல்ல குணங்கள் இருக்கின்றன.

முதல் குணம், எதைக் கொடுத்தாலும் படிக்கப் பார்க்கும். டிவிடி தயாரித்த கம்பெனிகள் உலகத்தை மண்டலம் மண்டலமாகப் பிரித்து வைத்திருந்தார்கள். இந்தியாவும் இலங்கையும் 5, வளைகுடா நாடுகள் 2, சிங்கப்பூரும் மலேசியாவும் 3, அமெரிக்காவும் கனடாவும் 1. விலை கூடிய பிளேயர்களில் பல, வேறு மண்டலத்துப் படத்தைப் போட்டால் காட்டாது. துபாயிலிருந்து மாமா வாங்கி வந்த ஒரிஜினல் படம் அதில் ஓடவில்லை என்று கொண்டுவருவார்கள். மலிவு பிளேயரில் அந்தக் கட்டுப்பாடு பெரும்பாலும் இருக்காது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பதிந்த என்டிஎஸ்சி முறை டிஸ்க்கையும் நம் ஊர் பால் (PAL) முறை டிஸ்க்கையும் ஒன்றுபோலவே ஏற்றுக்கொள்ளும்.

இரண்டாவது, கரண்ட். உள்ளே இருக்கும் சப்ளை போர்டு பெரும்பாலும் 90 வோல்ட்டிலிருந்து 250 வோல்ட் வரை தாங்கும் வகை. சித்திரை வெயிலில் சாயங்காலம் எல்லா வீட்டிலும் ஃபேனும் கூலரும் ஓடி வோல்டேஜ் இறங்கும்போது டியூப்லைட் எரியாமல் போகும். பிளேயர் பாட்டுக்கு ஓடும். அது இழுப்பதும் ஒரு சின்ன பல்பு அளவு கரண்ட்தான்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது: இதைத் திறந்து சரிசெய்ய முடியும். மூடியில் சில ஸ்க்ரூக்கள். உள்ளே ஒரு சப்ளை போர்டு, ஒரு மெயின் போர்டு, முன்பக்கம் பட்டன்களுக்கு ஒரு சின்ன போர்டு, நடுவில் ட்ரேயும் லென்ஸும் சேர்ந்த லோடர். எல்லாக் கம்பெனியும் ஏறக்குறைய இரண்டு மூன்று மாடல் லென்ஸையே போட்டதால், எந்தப் பெயர் பிளேயருக்கும் ரிச்சி தெருவில் இன்றைக்கும் லென்ஸ் கிடைக்கிறது. சப்ளை போர்டில் கண்டன்சர் ஒன்று தலை உப்பியிருந்தால் சில ரூபாயில் மாற்றிவிடலாம். டிஸ்க் போட்டதும் விளக்கு மங்கி, அணைந்து அணைந்து வந்தால் பெரும்பாலும் இந்தக் கண்டன்சர்தான் காரணம். பெட்டியே போய்விட்டது என்று சொல்லி உங்களிடம் புதிது விற்கப் பார்க்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

வைஃபை வேண்டாம், மாசம் கட்டும் பணம் வேண்டாம், நடுவில் விளம்பரம் வராது. திற, வை, மூடு என்று பாட்டிகூட ஓட்டிவிடலாம்.

இனி குறைகள். சின்னக் குறைகளைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். ரிமோட் தொலைந்தால் பாதி வேலை நின்றுவிடும். முன்பக்கத்தில் ஓட்டவும் நிறுத்தவும் திறக்கவும் மட்டுமே பட்டன் இருக்கும், செட்டப்புக்குள் போக முடியாது. அதே சிப் உள்ள வேறு பெயர் பிளேயரின் ரிமோட் பல நேரம் பொருந்தும், அக்கம்பக்கத்தில் வாங்கிப் பாருங்கள். படம் திடீரென்று கறுப்பு வெள்ளையாகிவிட்டால் பயப்பட வேண்டாம். மஞ்சள் ஒயரைப் பச்சை ஓட்டையில் செருகியிருப்பீர்கள், அல்லது செட்டப்பில் பாலும் என்டிஎஸ்சியும் மாறியிருக்கும். முன்பக்கம் பென்டிரைவ் போட வழி இருந்தாலும் செல்போனில் எடுத்த வீடியோ பழைய பிளேயரில் ஓடாது, அது எம்பி3 பாட்டுக்கும் பழைய ஏவிஐ படத்துக்கும் உரியது. புதிய 43 அங்குல டிவியில் படம் மசமசப்பாகத் தெரிகிறதென்றால் அது பிளேயரின் குற்றமில்லை. டிவிடியில் பதிந்திருப்பதே அகலத்துக்கு 720, உயரத்துக்கு 576 புள்ளிதான். ஒரே டிஸ்க்கில் ஐந்து படம் என்று விற்றார்களே, அவை இன்னும் மோசமாகத் தெரியும். ஒரு படத்துக்கான 4.7 ஜிபி இடத்தில் ஐந்தைத் திணித்தால் முகமே தெரியாது. அந்தத் திருட்டு வியாபாரத்துக்காகத்தான் 2004இல் குண்டர் சட்டத்துக்குள் வீடியோ திருடர்களையும் சேர்த்தார்கள். அந்த டிஸ்க்குகளுக்காக நான் பேசவில்லை.

பெரிய குறை ஒன்று இருக்கிறது. அதற்காகவே இந்தக் கடிதம் எழுதலாம்.

மலிவு பிளேயர் தன் பலவீனத்தை டிஸ்க்கின் மேல் போட்டுவிடும். லென்ஸ் தளர்ந்துபோனாலும் திரையில் ‘நோ டிஸ்க்’ என்றுதான் காட்டும். வீட்டில் இருப்பவர்கள் டிஸ்க் போய்விட்டது என்று நம்பிவிடுகிறார்கள். கல்யாண டிஸ்க் போய்விட்டது என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த டிஸ்க்கை வேறு பிளேயரில் போட்டால் நாதஸ்வரத்தோடு ஆரம்பிக்கும்.

லென்ஸுக்குக் கீழே இரண்டு லேசர் இருக்கின்றன. சிடிக்கும் விசிடிக்கும் 780 நானோமீட்டர் அலைநீளம், டிவிடிக்கு 650. டிவிடியில் தடங்கள் மிக நெருக்கமாக ஓடுகின்றன, அதனால் அதைப் படிக்கும் லேசர் கொஞ்சம் தளர்ந்தாலும் தடுமாறும். இன்னொன்று, கம்பெனியில் அச்சடித்த சினிமா டிஸ்க் ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும். ஸ்டூடியோவில் பதிந்து கொடுத்த டிஸ்க் அந்த அளவு அனுப்பாது. அதனால் தளர்ந்த லென்ஸ் முதலில் கைவிடுவது உங்கள் வீட்டு விசேஷ டிஸ்க்கைத்தான். விசிடி ஓடுகிறது, சினிமா டிவிடி ஓடுகிறது, கல்யாண டிவிடி மட்டும் ஓடவில்லை என்றால் டிஸ்க்கைச் சந்தேகப்படுவதற்கு முன் லென்ஸைச் சந்தேகப்படுங்கள். வேறு ஒரு பிளேயரிலோ, டிவிடி டிரைவ் உள்ள கம்ப்யூட்டரிலோ போட்டுப் பார்க்காமல் எந்த டிஸ்க்கையும் குப்பையில் போடாதீர்கள்.

லென்ஸ் தளர்வதற்கு வயது ஒரு காரணம், நம் ஊர்த் தூசி இன்னொரு காரணம். கூட்ஸ் யார்டு ஒரு பக்கம், லாரிகள் ஒரு பக்கம், கடல் காற்றின் உப்பு ஒரு பக்கம். ராயபுரம் பக்கத்து வீடுகளில் ஜன்னலைத் துடைத்தால் துணி கறுத்த காலம் ஒன்று இருந்தது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாளக் கூடாது என்று உயர்நீதிமன்றம் உத்தரவிட்டு, 2011இல்தான் அது நின்றது. ஜன்னலில் படிவது ட்ரே இடுக்கு வழியாக லென்ஸின் மேலும் படியும். லென்ஸ் துடைக்க ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சி போதும், அழுத்தாமல் ஒரு சுற்று. விரல் வைக்காதீர்கள், வாயால் ஊதாதீர்கள்.

என் தொழில்காரர்கள் சிலர் லென்ஸ் பக்கத்தில் இருக்கும் சின்னப் பிரிசெட்டைத் திருகி லேசரின் சக்தியைக் கூட்டிக் கொடுப்பார்கள். செத்த பிளேயர் அன்றைக்கே ஓடும். உங்களுக்கும் சந்தோஷமாக இருக்கும். கூடுதல் கரண்டில் லேசர் கொஞ்ச நாளில் முழுசாகக் கருகிவிடும். நான் அதைச் செய்வதில்லை. ஒருவர் செய்து கொடுத்திருந்தால், ஓடுகிற அந்தக் கொஞ்ச நாளுக்குள் டிஸ்க்கையெல்லாம் பதிந்துவிடுங்கள் என்பதுதான் நான் சொல்லக்கூடியது.

பிளேயர் ஒருபக்கம் இருக்கட்டும், டிஸ்க்கும் என்றைக்கும் நிற்காது. ஸ்டூடியோவில் பதிந்த டிஸ்க்குக்குள் ஒரு சாயப் பூச்சு இருக்கிறது. லேசர் அதைச் சுட்டுத்தான் படத்தைப் பதிகிறது. வெயிலில் கிடந்த சினிமா போஸ்டர் வெளுப்பதுபோல அந்தச் சாயமும் வெளிச்சத்திலும் சூட்டிலும் வெளுத்துப் போகும். ஷீட் போட்ட வீட்டின் மேல் பரணில் வைத்திருக்கும் டிஸ்க்குக்கு ஆயுள் குறைவு. நல்ல டிஸ்க் பல வருஷம் நிற்கும், மட்டமான டிஸ்க் சில வருஷத்திலேயே போகும். எது எப்போது போகும் என்று பார்த்துச் சொல்ல முடியாது.

நம் வீடுகளில் இன்னொரு வழக்கம், டிஸ்க்கின் மேல் பொண்ணு மாப்பிள்ளை படம் போட்ட ஸ்டிக்கர். வெயில் காலத்தில் அதன் ஓரம் சுருண்டு, டிஸ்க் ஆடிக்கொண்டே சுற்றும். அதைப் பிய்க்கப் பார்க்காதீர்கள். விசிடியில் பதிவு இருப்பதே ஸ்டிக்கருக்கு அடியில், மெல்லிய பூச்சுக்குக் கீழே. ஸ்டிக்கரோடு அதுவும் உரிந்து வந்துவிடும். டிவிடியில் பதிவு இரண்டு பிளாஸ்டிக் தகட்டுக்கு நடுவில் இருப்பதால் அது கொஞ்சம் பத்திரம். ஆனால் பிய்க்கும்போது டிஸ்க் வளைந்தால் அந்தத் தகடுகளே பிரிந்துபோகும். துடைக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்து விழுகிற கீறல் தடத்தோடு சேர்ந்து ஓடும், பிளேயரால் அதைத் தாண்ட முடியாது. குறுக்கே விழுந்த கீறலைப் பெரும்பாலும் தாண்டிவிடும்.

தண்ணீரில் டிஸ்க் ஆல்பத்தைவிடத் தாங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் நம் பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் நின்றபோது கல்யாண ஆல்பங்கள் பக்கம் பக்கமாக ஒட்டிப்போயின. டிஸ்க்குகளை நல்ல தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி, நிழலில் நிற்க வைத்து உலர்த்தியவர்கள் பலரும் படத்தைத் திரும்பப் பார்த்தார்கள். நனைந்த பிளேயரை மட்டும் பிளக்கில் செருகிப் பார்க்க வேண்டாம்.

பதிந்து வையுங்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஏறக்குறைய 2005லிருந்து பத்து வருஷம் நம் பேட்டையில் நடந்த கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, தேவாலயத்தில் புதுநன்மை, ஆடி மாசக் கூழ் ஊற்றும் விழா எல்லாம் டிவிடியில் இருக்கின்றன. அதற்கு முன்னால் கேசட், பின்னால் பென்டிரைவ். பல ஸ்டூடியோக்களில் கேமரா டேப்பை அழித்துவிட்டு அடுத்த விசேஷத்துக்குப் பயன்படுத்தினார்கள், டேப் விலை அப்படி. ஸ்டூடியோவில் ஒரு பிரதி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு இருக்காதீர்கள். பல வீடுகளில் இருக்கும் அந்த டிஸ்க்தான் ஒரே பிரதி. பந்தியில் இலை போட்டுக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்துப் பேசும் தாத்தாவின் குரல் வேறு எங்கேயும் இல்லை. அன்றைக்கு எல்லோர் கையிலும் வீடியோ எடுக்கும் போன் இருக்கவில்லை.

பதிவது பெரிய வேலை இல்லை. டிவிடி டிரைவ் உள்ள கம்ப்யூட்டரில் டிஸ்க்கைத் திறந்தால் வீடியோ டிஎஸ் என்று ஒரு ஃபோல்டர் தெரியும். பக்கத்தில் ஆடியோ டிஎஸ் என்று ஒன்று காலியாக இருக்கும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். வீடியோ டிஎஸ் ஃபோல்டரை முழுசாக அப்படியே காப்பி செய்து, விசேஷத்தின் பெயரும் வருஷமும் போட்டு வையுங்கள். அதன் பிறகு போனில் பார்க்க எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம். மாற்றிய பிறகும் மூல ஃபோல்டரை அழிக்காதீர்கள். ஒரு பென்டிரைவில் மட்டும் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், பென்டிரைவ் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

இங்கேதான் உங்கள் மலிவு பிளேயருக்கு ஒரு வேலை வருகிறது. கீறல் விழுந்த டிஸ்க்கைக் காப்பி செய்யும்போது, படிக்க முடியாத இடம் வந்ததும் கம்ப்யூட்டர் பிழை காட்டி நின்றுவிடும். பிளேயருக்கு அந்தப் பிடிவாதம் கிடையாது. படம் ஒரு நொடி கட்டம் கட்டமாக உடையும், குரல் ஒரு தடவை விக்கும், அடுத்த காட்சிக்குப் போய்விடும். அந்தப் பிளேயரின் மூன்று கலர் ஒயரை யுஎஸ்பி கேப்சர் கருவியில் செருகி, ஓடுவதை ஓடவிட்டே கம்ப்யூட்டரில் பதிந்துவிடலாம். கொஞ்சம் தரம் குறையும். இரண்டு மணி நேரக் கல்யாணத்தில் ஒரு நிமிஷம் போனாலும் மிச்சம் கிடைக்கிறதே. நல்ல லென்ஸ் போட்ட சாதாரண பிளேயர் கீறல் விழுந்த டிஸ்க்கை இப்படிக் கரையேற்றுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால்தான் எடைக்குப் போடாதீர்கள் என்கிறேன்.

புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பீரோவில் இருக்கும் ஏழெட்டு டிஸ்க்கைப் பதிவதற்காக மட்டும் என்றால் வாங்காதீர்கள். வெளியே செருகும் டிவிடி டிரைவ் ஒன்றை நாலு வீடு சேர்ந்து வாங்கினால் போதும். பெரியவர்கள் டிஸ்க் போட்டுத்தான் பார்ப்பேன் என்கிற வீட்டுக்கு வாங்கலாம். வாங்கும்போது பின்பக்கம் எச்டிஎம்ஐயும் மூன்று கலர் ஓட்டையும் இரண்டுமே இருக்கிறதா என்று பாருங்கள், புது டிவி சிலவற்றில் மூன்று கலர் ஓட்டையே வருவதில்லை. அட்டைப்பெட்டியில் 4கே என்று போட்டிருந்தால் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். டிஸ்க்கில் இல்லாத புள்ளியை எந்தப் பிளேயராலும் கொண்டுவர முடியாது. கடையிலேயே உங்கள் கல்யாண டிஸ்க்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சினிமா டிஸ்க்கை ஓட்டிக் காட்டி விற்பதை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

எல்லாம் பதிந்து முடித்து, பெட்டி வேண்டாம் என்று முடிவானால் ரிப்பேர் கடையில் கொடுங்கள். அதன் லென்ஸோ மோட்டாரோ இன்னொரு வீட்டு டிஸ்க்கைப் படிக்க உதவும். ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுப்பவர்களிடம் மட்டும் போகவிடாதீர்கள். கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் புகையைச் சுவாசித்து வளர்ந்த நமக்கு அந்தப் புகையும் சேர வேண்டாம்.

பதிந்த அன்றைக்கே வீட்டில் மூத்தவரை உட்கார வைத்து ஓட்டிக் காட்டுங்கள். யார் யார், எந்த ஊர், என்ன உறவு என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். முறுக்கு மீசையோடு மொய் எழுதுகிறவர் யார் என்று சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

உங்கள் பிளேயர் ஓடவில்லை என்றால் அதைத் தூக்கிக்கொண்டு வரக்கூட வேண்டாம், டிஸ்க்கை மட்டும் துணியில் சுற்றி எடுத்து வாருங்கள். என் கடையில் நல்ல லென்ஸோடு ஒரு பிளேயர் எப்போதும் தயாராக இருக்கிறது. டிஸ்க் ஓடுகிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்வதற்கு நான் காசு வாங்குவதில்லை.

இப்படிக்கு,
உங்கள் பேட்டையில் டிவி, டிவிடி ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒருவன்